கலங்கல் உயரம்: ஒரு கவிதை வடிவம் பரவிய கதை

தமிழில் இலக்கிய வரலாறு பேச உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் வம்சாவளி போட ஆரம்பித்துவிடுவோம். பாரதியிலிருந்து மணிக்கொடி, மணிக்கொடியிலிருந்து எழுத்து, எழுத்திலிருந்து கசடதபற என்று ஒரு அம்புக்குறி வரிசை. யார் யாருடைய பாதிப்பில் எழுதினார், யாருக்கு யார் முன்னோடி என்பதுதான் நமக்குப் பிடித்த கேள்வி. இந்தப் பேச்சில் செல்வாக்கு என்பது பெரிய ஆள் ஒருவரிடம் இருக்கும் சொத்து. அவர் கொடுக்கிறார், அடுத்தவர் வாங்கிக்கொள்கிறார்.

அதே எண்ணம் இன்றைக்கு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் இளம் கவிஞர் தன் முதல் தொகுப்பின் கைப்பிரதியோடு போனபோது, பதிப்பாளர் கேட்ட முதல் கேள்வி, "இன்ஸ்டாவுல எத்தனை ஃபாலோயர்ஸ்மா?" கவிதையை அப்புறம்தான் புரட்டினாராம்.

வம்சாவளி போடும் விமர்சகருக்கும் ஃபாலோயர் எண்ணும் பதிப்பாளருக்கும் ஒருவரையொருவர் ஆகாது. ஆனால் இருவருடைய நம்பிக்கையும் ஒன்றுதான்: ஒரு விஷயம் பரவுவதற்கான காரணம் அதை அனுப்புகிறவரிடம் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வாங்கிக்கொள்கிறவர் எப்போது, எத்தனை பேரைப் பார்த்து மனம் மாறுகிறார் என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது. நமக்கு நன்றாகத் தெரிந்த புதுக்கவிதையின் வரலாற்றை வைத்தே இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

1

1934-ல் ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' மணிக்கொடியில் வந்தது. யாப்பை விட்டு விலகி எழுதப்பட்ட முதல் புதுக்கவிதை என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். கு.ப. ராஜகோபாலனும் அதே காலத்தில் அப்படி எழுதினார். 1940களில் கலாமோகினி, கிராம ஊழியன் போன்ற இதழ்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முயற்சிகள் தொடர்ந்தன. பிறகு இதழ்கள் நின்றன. கு.ப.ரா. 1944-ல் மறைந்தார். பிச்சமூர்த்தி நீண்ட காலம் எழுதாமலே இருந்துவிட்டார்.

1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கினார். அதே பிச்சமூர்த்தி மறுபடி எழுதவந்தார். அடுத்த மூன்றே ஆண்டுகளில், 1962-ல், 24 கவிஞர்களுடைய கவிதைகளோடு 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்தது. பத்தாண்டு கழித்து யாப்பில் எழுதுகிறவரிடம் "ஏன் இன்னும் யாப்பு?" என்று கேட்கும் அளவுக்கு நிலைமை தலைகீழாகிவிட்டது.

வம்சாவளி முறையில் இதை விளக்கிப் பாருங்கள், முடியாது. ஆள் அவரேதான். வடிவமும் ஏறத்தாழ அதேதான். செல்லப்பாவே மணிக்கொடி எழுத்தாளர்தான். செல்வாக்கு பிச்சமூர்த்தியிடம் இருந்த சொத்து என்றால், அது 1934-லேயே வேலை செய்திருக்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டு ஏன் காத்திருந்தது?

2

நான் இருப்பது படப்பையில். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்துத் தொழிற்சாலை பஸ்கள் காலையும் மாலையும் வரிசைகட்டிப் போகும் ஊர். இந்தப் பக்கத்தைத் தெரிந்துகொள்ள ரோடு மேப்பைப் பார்த்தால் போதாது, ஏரிகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு கலங்கல் உண்டு. தண்ணீர் அந்த மட்டம் வரும்வரை ஏரி தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். மட்டத்தைத் தாண்டிய பிறகுதான் உபரி நீர் வழிந்து கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் இப்படித் திரண்டுதான் அடையாறு ஆகிறது.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். மழையின் அளவைப் பற்றித்தான் அப்போது எல்லோரும் பேசினோம். ஆனால் நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிரம்பிக் கிடந்தன என்பது அதே அளவு முக்கியம். காய்ந்து கிடக்கும் ஏரியில் அதே மழை பெய்திருந்தால் பெருமளவு அங்கேயே தங்கியிருக்கும். எந்த ஏரி எதோடு இணைந்திருக்கிறது என்ற வரைபடம் இரண்டு நேரத்திலும் ஒன்றேதான். ஒவ்வொரு ஏரியும் தன் கலங்கலுக்கு எவ்வளவு பக்கத்தில் நிரம்பியிருந்தது என்பதுதான் வேறு.

மனிதர்களிடமும் இப்படி ஒரு மட்டம் உண்டு என்று சொன்னவர் மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், 1978-ல். அவர் தரும் உதாரணம் எளிமையானது. ஒரு மைதானத்தில் 100 பேர் நிற்கிறார்கள். முதல் ஆள் யாரையும் பார்க்காமல் கல்லெடுப்பார். இரண்டாம் ஆள், ஒருவர் எடுத்தால் தானும் எடுப்பார். மூன்றாம் ஆளுக்கு இரண்டு பேர் வேண்டும், நான்காம் ஆளுக்கு மூன்று பேர். இப்படியே போனால் நூறு பேரும் கலவரத்தில் இறங்கிவிடுவார்கள். இப்போது இரண்டாம் ஆளை மட்டும் மாற்றுங்கள். அவருக்கும் ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும். முதல் ஆள் கல்லெறிவார். அத்தோடு முடிந்தது. மறுநாள் பேப்பரில் முதல் மைதானத்துக்காரர்கள் எல்லோரும் வெறிபிடித்த கும்பல், இரண்டாம் மைதானத்துக்காரர்கள் எல்லோரும் சாதுக்கள், ஒரே ஒருவன் மட்டும் கிறுக்கன் என்று எழுதுவார்கள். உண்மையில் இரண்டு கூட்டத்துக்கும் இருக்கும் வித்தியாசம் ஒரே ஆள், அவருடைய ஒரே ஒரு படி.

2017 ஜனவரி 17-ல் மெரினாவில் கூடத் தொடங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது 2014 மே மாதம். கோபம் அப்போதிருந்தே இருந்தது. ஆனால் 'நாமும் போகலாம்' என்று வீட்டிலிருந்து கிளம்ப வைத்தது, தனக்கு முன்னால் போனவர்கள் எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் என்ற கணக்கு. காலேஜ் பையன் போனதைப் பார்த்து அவன் அக்கா போனாள். அக்கா போய்ப் பத்திரமாகத் திரும்பியதைப் பார்த்து அம்மா கைக்குழந்தையோடு போனாள். இங்கே ஒரு தலைவரைத் தேடிப் பிடித்து அவருடைய செல்வாக்கு என்று எழுதப் போனால் ஆள் கிடைக்காது.

3

சரி, இதுக்கும் கவிதைக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு முன்னால் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளம் வந்த அதே 2015 டிசம்பரில், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்து வந்துவிட்டன என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓடியது. பண்ணைக்காரர்களே மறுப்பு சொல்ல வேண்டியிருந்தது. அந்த வதந்தி பரவ ஒருவருக்கு ஒரு முறை வந்தால் போதும். யாரோ தூரத்து உறவினர், எப்போதோ சேர்ந்த குரூப், எங்கிருந்து வந்தாலும் சரி. பகிர்வதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. செய்தி பரவுவது இப்படித்தான், ஜலதோஷம் மாதிரி. ஒரு தும்மல் போதும். இதற்குத் தூரத்துப் பழக்கங்கள்தான் வசதி என்பதையும் கிரானவெட்டரே 1973-ல் காட்டியிருக்கிறார்.

ஆனால் இதுவரை செய்துவந்ததை விட்டுவிட்டு வேறு மாதிரி செய்யத் தொடங்குவதற்கு ஒரு தும்மல் போதாது. 2007-ல் டேமன் சென்டோலாவும் மைக்கேல் மேசியும் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகப் பிரித்தார்கள். ஆபத்தோ, கேலியோ, செலவோ உள்ள மாற்றத்துக்கு நமக்கு நெருக்கமான பல பேரிடமிருந்து திரும்பத் திரும்ப உறுதி வேண்டும். 2010-ல் சென்டோலா இதைச் சோதித்தும் பார்த்தார். 1,500 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வு அது. ஒரு பிரிவில் ஒருவருடைய நண்பர்கள் ஒருவருக்கொருவரும் நண்பர்களாக இருக்கும்படி அமைத்தார். இன்னொன்றில் தொடர்புகளைக் கலைத்துப் போட்டுத் தூரத் தூர இணைத்தார். கலைத்துப் போட்டதில்தான் எல்லோரும் எல்லோருக்கும் கிட்ட. வதந்தியாக இருந்தால் அதில்தான் பறந்திருக்கும். ஆனால் ஒரு புதிய பழக்கம் நெருக்கமாகப் பின்னிய கூட்டத்தில் சுமார் 54 சதவீதம் பேரிடம் போய்ச் சேர்ந்தது. கலைத்துப் போட்டதில் 38 சதவீதம்தான்.

யாப்பை விடுவது 1959-ல் எந்த வகை மாற்றம்? சந்தேகமே இல்லாமல் இரண்டாவது வகை. "வசனத்தை உடைத்துப் போட்டால் கவிதையா?" என்று கேட்கப் புலவர்கள் மட்டுமல்ல, சக எழுத்தாளர்களே காத்திருந்தார்கள். ஒருவர் மட்டும் அப்படி எழுதினால், யாப்பு வராததால் எழுதுகிறார் என்பார்கள். தெரிந்த மூன்று நான்கு பேர், அதுவும் நம் மரியாதைக்குரியவர்கள், மாதாமாதம் எழுதினால்தான் 'இதில் ஏதோ இருக்கிறது, நாமும் எழுதிப் பார்க்கலாம்' என்று கை வரும்.

4

இப்போது 'எழுத்து' இதழை மறுபடி பாருங்கள். சுந்தர ராமசாமி பசுவய்யா என்ற பெயரில் நாகர்கோவிலிலிருந்து எழுதினார். சி. மணி ஆங்கிலம் கற்பித்தவர். திருவனந்தபுரத்தில் நகுலன். சென்னையில் எஸ். வைத்தீஸ்வரன். தர்மு சிவராமு, பின்னாளின் பிரமிள், திருகோணமலையிலிருந்து எழுதியபோது வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். ஊர்க் கணக்கில் இவர்கள் சிதறிக் கிடந்தவர்கள். வாசிப்புக் கணக்கில் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் மாதாமாதம் படித்தார்கள். இதழ் விமர்சனத்துக்காகவே தொடங்கப்பட்டது என்பதால் கவிதைக்குப் பக்கத்திலேயே அந்தக் கவிதை ஏன் கவிதை என்ற வாதமும் இருந்தது. க.நா.சு. புதுக்கவிதை என்ற பெயரையே முன்வைத்து வாதாடிக்கொண்டிருந்தார். சென்டோலா ஆய்வுக்கூடத்தில் செய்ததை செல்லப்பா தபால் தலை ஒட்டிச் செய்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1934-ல் இது இல்லை. மணிக்கொடியின் வலு சிறுகதை. அங்கே புதுக்கவிதை எழுதியவர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள். அதைப் பார்த்துத் தானும் எழுத நினைத்த ஒருவர் திரும்பிப் பார்த்தால் இரண்டாம் ஆள் இருந்தார், மூன்றாம் நான்காம் ஆள் இல்லை. நடுவிலிருந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பொறி முழுதாக அணைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சின்ன இதழ்களும், ஆங்கிலக் கவிதை படித்து வந்த ஒரு தலைமுறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏரியை நிரப்பிக்கொண்டிருந்தன. 1959-ல் வந்தது கலங்கலைத் தொட்ட மழை.

அப்படியானால் லட்சக்கணக்கில் விற்ற வார இதழ்கள் இதைச் செய்திருக்கலாமே? டங்கன் வாட்ஸ் 2002-ல் காட்டிய ஒரு கணக்கு இங்கே உதவும். எனக்கு மூன்று நண்பர்கள், அதில் ஒருவர் மாறினால் என் உலகத்தில் மூன்றில் ஒரு பங்கு மாறிவிட்டது. ஆயிரம் பேரோடு தொடர்புள்ளவருக்கு அதே ஒருவர் ஆயிரத்தில் ஒரு பங்கு, கண்ணுக்கே தெரியாது. அதனால் நிறையத் தொடர்புள்ளவர்கள்தான் கடைசியில் அசைகிறார்கள். பெரிய பத்திரிகை ஆசிரியருடைய கலங்கல் உயரம் அதிகம். அவர் லட்சம் வாசகர்களின் பழக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கிறவர், அவரைக் குறை சொல்லவும் முடியாது. புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போன செல்லப்பாவுக்கு ஒரு வகுப்பில் நாலு பேர் அசைந்தால் அது வெற்றி. 2007-ல் வாட்ஸும் பீட்டர் டாட்ஸும் இதையே நீட்டி, பெரிய அலைகள் பெரும்பாலும் செல்வாக்கான ஒருவரால் எழுவதில்லை, எளிதில் அசையக்கூடிய பலர் ஒருவரையொருவர் அசைப்பதால் எழுகின்றன என்று கணினி மாதிரிகளில் காட்டினார்கள்.

வானம்பாடி கதை இதன் அடுத்த கட்டம். 1971-ல் கோவையிலிருந்து விலையில்லாக் கவிமடலாக அது வந்தபோது யாப்பை விடுவது கேலிக்குரிய காரியமாக இல்லை. மட்டம் ஏற்கெனவே இறங்கியிருந்தது. இப்போது ஒரு தும்மல் போதும். கல்லூரி மேடை, கவியரங்கம், நோட்டுப் புத்தகம் என்று பரவியது. மு. மேத்தாவின் 'கண்ணீர்ப் பூக்கள்' பதிப்பு மேல் பதிப்பு கண்டது. எழுத்துக்காரர்களுக்கும் வானம்பாடிகளுக்கும் நடந்த சண்டையை நாம் ரசனைச் சண்டையாகவே படித்திருக்கிறோம். அது ரசனைச் சண்டைதான். ஆனால் முன்னதன் இறுக்கமான சிறு வட்டம் இல்லாமல் பின்னதன் வேகம் சாத்தியமா என்று எவரும் கேட்டு நான் படித்ததில்லை.

5

இரண்டு எதிர்க்கேள்விகள் வரும். இரண்டும் நியாயமானவை.

முதலாவது: அப்படின்னா தரத்துக்கு வேலையே இல்லையா? 2006-ல் மேத்யூ சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். பெயர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்கள், 14,000-க்கு மேற்பட்டவர்கள். சிலருக்கு மற்றவர்கள் எதை இறக்கிக்கொண்டார்கள் என்பதே தெரியாது. மற்றவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தின் எண்ணிக்கையை மட்டும் காட்டினார்கள். ஒரே பாடல் ஓர் உலகத்தில் உச்சத்திலும் இன்னொன்றில் நடுவிலும் நின்றது. மிக நல்ல பாடல் அரிதாகவே அடிமட்டத்துக்குப் போனது, மிக மோசமானது அரிதாகவே மேலே வந்தது. நடுவிலிருந்த பெருங்கூட்டத்துக்கு எதுவும் நடக்கலாம். நம்முடைய இலக்கிய வரிசையும் இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். முதல் வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அங்கே இருக்கத் தகுந்தவர்கள். ஆனால் அங்கே இருக்கத் தகுந்த எல்லோரும் அங்கே இல்லை. எண்ணிக்கையைக் கண்ணில் காட்டாமல் படித்துப் பார்க்கும் அந்த முதல் கூட்டத்தின் வேலைதான் விமர்சகனின் வேலை.

இரண்டாவது கேள்வி கடினமானது. நெருக்கமான வட்டம் யாரை உள்ளே விடும்? 'எழுத்து' வட்டம் பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் ஆங்கிலம் படித்தவர்கள். உள்ளே இருப்பவர்களுக்கு உறுதி தரும் அதே நெருக்கம் வெளியே இருப்பவர்களுக்குச் சுவர். தலித் வாழ்க்கை தமிழ்ப் புனைகதையில் 1990களில்தான் முளைத்ததா என்ன? கே. டானியலின் 'பஞ்சமர்' 1972, பூமணியின் 'பிறகு' 1979. ஆனால் பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தபோது சூழல் வேறு. அம்பேத்கர் நூற்றாண்டு அப்போதுதான் முடிந்திருந்தது. நிறப்பிரிகை போன்ற இதழ்கள் தலித் எழுத்தை விவாதித்தன. எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் படித்தார்கள். இருக்கிற வட்டத்தின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்காமல் தங்களுக்கென்று ஒரு வட்டத்தைப் பின்னிக்கொண்டபோதுதான் அது அலையானது. சுவருக்கு இந்தக் கோட்பாட்டில் சமாதானம் கிடையாது. வழி மட்டும் இருக்கிறது.

ஏரி உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போவது அதே தண்ணீர். கவிதை அப்படிப் போவதில்லை. பிச்சமூர்த்தியின் வேதாந்த அமைதி சி. மணியிடம் போய் நகரத்தின் எள்ளலாக மாறியது, பிரமிளிடம் படிமமாக இறுகியது. கணக்கு மாதிரிகளுக்கு இந்த உருமாற்றம் பிடிபடாது. கவிதையைப் படித்தால்தான் பிடிபடும்.

6

இப்போது நம் காலத்துக்கு வருவோம். இன்றைய திரைகள் எல்லாம் தும்மலுக்காகவே கட்டப்பட்டவை. ஒரு கவிதையைப் போட்டால் ஐந்நூறு இதயம் விழுகிறது. அந்த ஐந்நூறு பேரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பதில்லை. யாரும் மறுநாள் வேறு மாதிரி எழுத உட்காருவதில்லை. கவிதை பரவியிருக்கிறது, முதலை பரவிய மாதிரி. எதுவும் நிரம்பவில்லை. இதைப் பார்த்துத்தான் நல்லா எழுதும் பிள்ளைகள் எண்ணிக்கை வரும் மாதிரி எழுதப் பழகுகிறார்கள், அல்லது எண்ணிக்கை வராததால் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டையும் என் கண் முன்னால் பார்க்கிறேன்.

படப்பையிலோ பல்லாவரத்திலோ எழுதத் தொடங்கும் ஒருவருக்குப் பத்தாயிரம் பேர் இப்போதே தேவையில்லை. ஒருவரையொருவர் படிக்கும் ஆறு பேர் வேண்டும். அந்த ஆறு பேரும் வெறுமனே பாராட்டிக்கொள்ளாமல் சண்டை போட வேண்டும். ஆறில் இரண்டு பேருக்காவது வேறொரு வட்டத்தோடும் தொடர்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அங்கேயே தேங்கிப் பாசி பிடிக்கும். விமர்சகர்களும் எத்தனை பேர் படித்தார்கள் என்பதை விட்டு, படித்துவிட்டு யார் வேறு மாதிரி எழுதினார்கள் என்று தேட வேண்டும். வல்லிக்கண்ணன் 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்' நூலில் இதழ் இதழாக, பெயர் பெயராகப் பதிந்து வைத்தது இப்படித் தேடுகிறவர்களுக்குப் பெரிய புதையல். நம் பத்தாண்டுகளுக்கு அப்படி ஒரு பதிவேடு யாரும் எழுதிக்கொண்டிருப்பதாகத் தெரியவில்லை.

பிச்சமூர்த்தி எழுதாமல் இருந்த ஆண்டுகளைப் பற்றி அடிக்கடி யோசிக்கிறேன். அவர் திரும்பி வந்ததைக் கொண்டாடுகிறோம். வராமல் போன கவிதைகளை எந்த வரலாறும் பட்டியல் போடாது. திரும்பி வராதவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. நீங்கள் விரும்பிப் படித்த யாராவது ஆறு மாதமாக எழுதாமல் இருந்தால் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இதயம் போட்டுவிட்டுப் போக வேண்டாம். எந்தக் கவிதை, எந்த வரி, எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று விவரமாக. அவர் மூன்றாம் ஆளுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம்.